ஊர்த் தியேட்டரில் படம் பார்ப்பது எப்படி?

போன மாதம் எங்கள் கிளைக்கு மாற்றலாகி வந்த தம்பி ஒருவர், வந்த மூன்றாம் நாளே கேட்டார்: "சார், இந்த ஊர்ல தியேட்டர் இருக்குல்ல? சீட் நம்பர் போட்டுத் தருவாங்களா?" சென்னையில் பிறந்து, மால் தியேட்டரிலேயே படம் பார்த்து வளர்ந்தவர். நான் சிரித்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது, சிரிக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று. பதினோரு வருடத்துக்கு முன்னால் இந்த டெல்டாப் பக்கத்து ஊருக்கு வந்த புதிதில், பால்கனிக்குக் காசு கொடுத்து டிக்கெட் எடுத்துவிட்டு, மாடிப்படி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் கீழேயே உட்கார்ந்து முழுப் படத்தையும் பார்த்தவன் நான். அந்தத் தம்பிக்கு டீக்கடையில் நின்று சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

மால் தியேட்டரில் எந்தப் படம் என்று முடிவு செய்துவிட்டால் வேலை முடிந்தது. எத்தனை மணிக்குப் போனாலும், எந்த வரிசையில் உட்கார்ந்தாலும் பெரிய வித்தியாசம் இருக்காது. இங்கே அப்படி இல்லை. எந்தக் கிழமை, எந்த ஆட்டம், எந்த ஃபேனுக்குக் கீழே என்பதில்தான் பாதிப் படம் இருக்கிறது. சுமாரான படத்தை நல்ல ஆட்டத்தில் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வீடு திரும்பியிருக்கிறேன். நல்ல படத்தைத் தப்பான ஆட்டத்தில் பார்த்துவிட்டு, வசனம் ஒன்றுகூடக் காதில் விழாமல், மறுபடி காசு கொடுத்துப் போயிருக்கிறேன்.

போஸ்டரைப் படிக்கத் தெரிய வேண்டும்

செல்போனில் போடும் நேரத்தை நம்பிக் கிளம்பாதீர்கள். எங்கள் மாதிரி ஊர்களில் அது சில சமயம் சரியாக இருக்கும், சில சமயம் போன வாரத்துப் படத்தையே காட்டிக்கொண்டிருக்கும். பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டியிருக்கும் போஸ்டர்தான் ஆதாரம். நடிகரின் முகத்தைப் பார்க்க வேண்டாம், அடியில் தனியாக ஒட்டியிருக்கும் நீளத் தாளைப் பாருங்கள். தியேட்டர் பெயரும் காட்சி நேரமும் அதில்தான் இருக்கும். 'தினசரி 4 காட்சிகள்' என்றிருந்தால் கவலையில்லை. 'தினசரி 2 காட்சிகள்' என்றிருந்தால் மீதி இரண்டு காட்சிக்கு அதே தியேட்டரில் வேறு படம் ஓடுகிறது என்று பொருள். எந்த இரண்டு என்று பார்க்காமல் போனால், பேய்ப் படம் பார்க்கப் போய் டப்பிங் படம் பார்த்துவிட்டு வருவீர்கள். 'இன்றே கடைசி' என்று குறுக்கே ஒட்டிவிட்டால் நாளை மறுநாள் என்று தள்ளிப்போடாதீர்கள், உண்மையிலேயே கடைசிதான். 'வெற்றிகரமான 2-வது வாரம்' என்பதை மட்டும் நான் மதிப்பேன். இந்தக் காலத்தில் சின்ன ஊரில் ஒரு படம் இரண்டாவது வெள்ளிக்கிழமையைத் தாண்டுகிறது என்றால் அதில் ஏதோ இருக்கிறது.

போஸ்டரின் மூலையில் தணிக்கைக் குறியும் இருக்கும். குழந்தைகளோடு போகிறவர்கள் அதைப் பார்த்துவிடுவது நல்லது. 'யு' என்றால் எல்லோரும் பார்க்கலாம். 'யு/ஏ' என்று மொத்தமாகப் போட்டுக்கொண்டிருந்ததை 2024 கடைசியிலிருந்து 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். அந்த வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைக் கூட்டிப்போவதா வேண்டாமா என்று முடிவு செய்யும் பொறுப்பு பெற்றோருடையது. 'ஏ' என்றால் 18 வயது நிரம்பாதவர்களுக்கு அனுமதி கிடையாது. வாசலில் நிற்பவர் பையனைப் பார்த்துத் தடுத்தால் அவரோடு மல்லுக்கு நிற்காதீர்கள். லைசென்ஸ் போனால் அவருக்குத்தான் வேலை போகும்.

ஊரில் இரண்டு தியேட்டர் இருந்தால் எதற்குப் போவது? எதிரே இருக்கும் டீக்கடையில் கேளுங்கள். "அண்ணே, ஏசி போடுறாங்களா?" என்பதுதான் சரியான கேள்வி. ஏசி இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். கூட்டம் குறைந்த நாளில் இடைவேளைவரை மட்டும் ஓட்டிவிட்டு நிறுத்துகிற இடங்கள் உண்டு. மே மாதத்தில் ஃபேன் தியேட்டருக்கு மேட்னி போகாதீர்கள். வேறு எந்த மாதமானாலும் போகலாம்.

ஃபர்ஸ்ட் ஷோ என்றால் காலை ஆட்டம் இல்லை

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் விழும் பள்ளம் இது. "ஞாயித்துக்கிழமை ஃபர்ஸ்ட் ஷோ போலாம்" என்று யாராவது கூப்பிட்டால் காலை பதினோரு மணிக்குப் போய் நிற்காதீர்கள். ஃபர்ஸ்ட் ஷோ என்றால் மாலை ஆறு, ஆறரைக்குத் தொடங்குவது. செகண்ட் ஷோ இரவு பத்து மணி வாக்கில். காலையில் ஓடுவது காலைக் காட்சி, மதியம் ஓடுவது மேட்னி. நாளின் மூன்றாவது காட்சிக்கு முதல் காட்சி என்று பெயர்!

காரணம் டூரிங் டாக்கீஸ். கூடாரத்துக்குள் படம் ஓட்ட இருட்ட வேண்டும். அதனால் ராத்திரியில் இரண்டே ஆட்டம்தான்: முதல் ஆட்டம், இரண்டாம் ஆட்டம். திருச்சியில் ரயில்வே வேலையில் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரை விலைக்கு வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் படம் காட்டக் கிளம்பினார். 1914-இல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்ற நிரந்தரக் கொட்டகையைக் கட்டியவரும் அவரே. அந்தத் தெரு இன்றும் வெரைட்டி ஹால் ரோடுதான். பின்னால் கல் கட்டடமும் கதவும் வந்தன, பகலிலும் படம் ஓட்ட முடிந்தது. ஆனால் மாலை ஆட்டம் தன் 'முதல்' பட்டத்தை விட்டுக்கொடுக்கவில்லை. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இன்னமும் 'ரெண்டாவது ஆட்டம்' என்றுதான் சொல்கிறார்கள். மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து படம் பார்த்த கதையை இங்கே நான் எடுக்கப்போவதில்லை, அதை எல்லோரும் எழுதிவிட்டார்கள்.

சரி, எந்தப் படத்துக்கு எந்த ஆட்டம்?

சிரிப்புப் படமா, ஞாயிற்றுக்கிழமை ஃபர்ஸ்ட் ஷோ. அதற்குக் கூட்டம் வேண்டும். குடும்பம் குடும்பமாக வந்து உட்கார்ந்து, பாட்டி சிரிப்பதைப் பார்த்துப் பேரன் சிரித்து, பின்வரிசையில் யாரோ ஒருவர் திரையில் வருவதைவிட நல்ல வசனம் ஒன்றை எடுத்துவிட்டு, மொத்தத் தியேட்டரும் அதற்கும் சேர்த்துச் சிரிக்கும். அதே படத்தைப் புதன்கிழமை மதியம் முப்பது பேரோடு பார்த்தால், அடுத்த ஜோக் எப்போது வரும் என்று கடிகாரத்தைப் பார்ப்பீர்கள்.

பேச்சு அதிகமுள்ள, நிதானமாக நகரும் படமா, செவ்வாய் அல்லது புதன் மேட்னி. கல்லூரிக்குப் போகாத பிள்ளைகள் நாலைந்து பேர், ஓய்வு பெற்ற வாத்தியார் இரண்டு பேர், மருத்துவமனைக்கு வந்துவிட்டு அடுத்த பஸ் வரை நேரம் போக்குகிறவர்கள் என்று கொஞ்சம் பேர் இருப்பார்கள். யாரும் யாரையும் தொந்தரவு செய்வதில்லை.

பேய்ப் படமும் சண்டைப் படமும் செகண்ட் ஷோவுக்கு. கடைகளை அடைத்துவிட்டு வருகிறவர்கள், வேலை முடிந்து குளித்துவிட்டு வருகிறவர்கள், பெரும்பாலும் ஆண்கள். விசில் இருக்கும், நல்ல குரலில் கமெண்டும் இருக்கும். அறுவடை முடிந்து கையில் காசு புழங்கும் நாட்களில் இந்த ஆட்டத்துக்குத் தனிக் களை வந்துவிடும்.

பெரிய நடிகரின் படம் வெளியாகும் முதல் நாளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் அதிகாலை நாலு மணிக்கு, சில ஊர்களில் ஒரு மணிக்கே ஆட்டம் போடுவார்கள். 2023-க்குப் பிறகு அது நின்றுவிட்டது. இப்போது அரசின் அனுமதி வாங்கிக் கூடுதல் காட்சி போட்டாலும் காலை ஒன்பது மணிக்கு முன் தொடங்க முடியாது. கட்அவுட், பால், மேளம், திரைக்கு முன்னால் கற்பூரம் எல்லாம் உண்டு. முதல் அரை மணி நேரம் ஒரு வார்த்தை காதில் விழாது. நாயகன் பெயர் திரையில் வரும்போது கிழித்த காகிதம் மழையாகக் கொட்டும், முன்னால் இருப்பவர்கள் இருக்கை மேலேறி நிற்பார்கள். கதை தெரிய வேண்டும் என்று நினைப்பவர்கள் அன்றைக்குப் போகாதீர்கள். கதை முக்கியமில்லை, ஊரைப் பார்க்க வேண்டும் என்றால் ஒருமுறை கட்டாயம் போங்கள். கண்ணாடி போட்டிருப்பவர்கள் கயிறு கட்டிக்கொள்ளுங்கள். எனக்கு ஒரு கண்ணாடி போனது.

டிக்கெட்

தமிழ்நாட்டில் தியேட்டர் கட்டணத்துக்கு உச்சவரம்பை அரசு நிர்ணயிக்கிறது. 2017-இல் மாற்றியமைத்தபோது மல்டிபிளெக்ஸுக்கே உச்சம் 150 ரூபாய், அதன்மேல் வரி. ஒற்றைத் தியேட்டர்களுக்கு அதைவிடக் குறைவு. ஜிஎஸ்டி கணக்கில் 100 ரூபாய்தான் கோடு. 2025 செப்டம்பரிலிருந்து அதுவரையுள்ள டிக்கெட்டுக்கு 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18 சதவீதம். உள்ளாட்சியின் கேளிக்கை வரி தனி. இதெல்லாம் சட்டப்படி. பெரிய படத்தின் முதல் மூன்று நாள் கவுன்டரில் என்ன கேட்பார்கள் என்பது வேறு விஷயம். டிக்கெட்டில் அச்சடித்த விலையையும் கொடுத்த காசையும் ஒப்பிட்டுப் பாருங்கள், பிறகு கேட்பதா வேண்டாமா என்பது உங்கள் துணிச்சல்.

ஆன்லைனில் எடுக்கலாமா? முதல் வார இறுதி என்றால் எடுங்கள். மற்ற நாட்களில் அவர்கள் சேர்க்கும் கூடுதல் கட்டணத்தில் இரண்டு பேருக்குச் சமோசாவும் டீயும் வந்துவிடும். கவுன்டரிலேயே வாங்குங்கள்.

கவுன்டர் காட்சி தொடங்க அரை மணி நேரம் இருக்கும்போது திறக்கும். இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி போட்ட, ஓர் ஆள் மட்டும் போகக்கூடிய சந்து. உள்ளே போய்விட்டால் பின்னால் திரும்ப முடியாது. அதனால் நுழைவதற்கு முன்பே அது எந்த வகுப்புக்கான வரிசை என்று மேலே எழுதியிருப்பதைப் பாருங்கள். சந்தின் முடிவில் சுவரில் ஓர் ஓட்டை, ஒரு கை நுழையும் அளவு. கூட்டமான நாளில் அதற்குள் நாலு கைகள் இருக்கும். காசை உள்ளங்கையில் மடித்து வைத்துக்கொண்டு, கையை உள்ளே விட்ட பிறகு "பால்கனி மூணு" என்று சுருக்கமாகச் சொல்லுங்கள். டிக்கெட் கையில் திணிக்கப்படும் வரை கையை எடுக்காதீர்கள். சில்லறையாகக் கொடுப்பவருக்குத் தனி மரியாதை. இப்போது ஓட்டைக்குப் பக்கத்தில் கியூஆர் கோடு ஒட்டியிருக்கிறார்கள், ஆனால் அந்தச் சந்துக்குள் சிக்னல் கிடைக்காது.

பெண்களுக்குத் தனி வரிசை உண்டு, எப்போதும் சின்னது. அதில் நிற்கும் யாரிடமாவது "அக்கா, எங்களுக்கும் ரெண்டு சேத்து எடுத்துக் குடுங்களேன்" என்று காசை நீட்டுவது இங்கே பழைய வழக்கம். பெரும்பாலும் எடுத்துக் கொடுப்பார்கள். நாலு பேர் ஒரே அக்காவிடம் நீட்டினால் கவுன்டரில் இருப்பவர் கத்துவார், அது நியாயமும்கூட.

கூட்டம் இல்லாவிட்டால் அதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஆள் சேரவில்லை என்றால் ஆட்டத்தையே நிறுத்திவிடுவார்கள். ஒரு மழை நாள், புதன்கிழமை செகண்ட் ஷோ. நாங்கள் ஆறே பேர். மேனேஜர் குடையோடு வெளியே வந்து, "பத்துப் பேராவது வேணும் சார். கரண்டு பில்லுக்குக்கூடக் கட்டாது" என்றார். மணி பத்து இருபது ஆயிற்று. வண்டி ஸ்டாண்டுக்காரர் எங்களைப் பார்த்தார், மழையைப் பார்த்தார், பிறகு யாருக்கோ போன் போட்டார். கால் மணி நேரத்தில் அவருடைய மச்சான், மச்சானின் மனைவி, தூக்கக் கலக்கத்தில் இரண்டு பிள்ளைகள் ஒரே வண்டியில் வந்து இறங்கினார்கள். "சின்னதுக்கும் சேத்து டிக்கெட் எடுத்துட்டேன், பத்து ஆச்சுல்ல? ஓட்டுங்க" என்றார் ஸ்டாண்டுக்காரர். ஓட்டினார்கள். படத்தின் கதை எனக்கு இப்போது ஞாபகமில்லை.

உட்காரும் இடம்

டிக்கெட்டில் எண் இருக்கும். அதைப் பார்த்துத் தேடினால், டார்ச் வைத்திருப்பவர் "எங்க வேணா உக்காருங்க சார்" என்பார். வகுப்பு மாறாமல் எங்கே வேண்டுமானாலும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஆன்லைனில் எடுத்தவர்கள் வந்து எண்ணைச் சொல்லிக் கேட்டால் எழுந்து கொடுத்துவிடுவதுதான் முறை. கைக்குட்டையோ துண்டோ கிடக்கும் இருக்கையில் உட்காராதீர்கள். பஸ்ஸில் இருக்கும் அதே சட்டம் இங்கேயும்.

பொதுக் கணக்கு: திரையிலிருந்து பார்த்தால் மூன்றில் இரண்டு பங்கு தூரம் பின்னால், நடுவில். படமும் ஒலியும் அங்கேதான் ஒழுங்காகச் சேரும். ஆனால் ஒவ்வொரு தியேட்டருக்கும் சொந்தக் குறைகள் இருக்கின்றன, அவற்றை ஒரு சுற்று நடந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கீழ்த்தளத்தில் பால்கனி கூரை மாதிரி நீண்டு வரும் இடத்துக்கு அடியில் ஒலி அமுங்கிவிடும். அதற்கு முன்னால் இரண்டு வரிசை தள்ளி உட்காருங்கள். பால்கனியின் முதல் வரிசையில் கைப்பிடிக் கம்பி திரையின் கீழ்ப்பகுதியை வெட்டும். கூப்பிடுகிற மாதிரி காலியாகக் கிடக்கிறதே என்று ஓடிப்போய் உட்கார்ந்தவர்கள் கால் மணியில் பின்னால் வருவதை வாரா வாரம் பார்க்கிறேன். பக்கவாட்டுக் கதவுக்கு அருகே உட்கார்ந்தால் யார் வந்தாலும் வெளிச்சம், அதோடு கழிப்பறை வாடை. ஃபேன் தியேட்டரில் காற்று நேராக விழும் இடத்தை எடுங்கள், ஆனால் கொஞ்ச நேரம் அதன் சத்தத்தைக் கேட்டுவிட்டு.

ஏசி தியேட்டரிலும் கூரையை ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். ஒருமுறை மழைக் காட்சி ஓடிக்கொண்டிருந்தபோது என் தோளில் சொட்டு விழுந்தது. படத்தோடு ஒன்றிவிட்டோம்போல என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த காட்சியில் நாயகன் வெயிலில் நடந்தான், எனக்கு மட்டும் சொட்டிக்கொண்டே இருந்தது. ஏசிக் குழாயில் ஓட்டை.

உட்காருவதற்கு முன் செல்போன் வெளிச்சத்தை இருக்கைமேல் அடித்துப் பார்த்துக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உடைந்த இருக்கை, சிந்திய ஐஸ், மூட்டைப்பூச்சி, எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து அதுதான்.

தனியாகப் போகும் பெண்களுக்கு: எங்கள் கிளையில் ஒரு மேடம் பெரும்பாலும் தனியாகத்தான் போவார், ஞாயிறு மேட்னிக்கு. உள்ளே நுழைந்ததும் டார்ச்காரரிடம் "அண்ணே, ஃபேமிலி பக்கம்" என்று சொன்னால் போதும், குடும்பங்கள் இருக்கும் வரிசையில் கொண்டுபோய் உட்காரவைப்பார் என்கிறார். பக்கத்தில் இருக்கும் அம்மா இடைவேளைக்குள் உங்கள் சொந்த ஊர், சம்பளம், கல்யாணம் எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிடுவார். அந்த ஒரு கஷ்டம்தான்.

விளக்கு அணைந்த பிறகு

உள்ளூர் நகைக்கடை, ஜவுளிக்கடை விளம்பரங்கள் ஓடும். புகையிலை எச்சரிக்கைப் படங்கள் 2012-லிருந்து கட்டாயம், படத்தின் தொடக்கத்திலும் இடைவேளை முடிந்தும் வரும். தேசிய கீதம் போடுவது 2016 கடைசியில் கட்டாயமாகி, 2018 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தாலேயே தியேட்டரின் விருப்பத்துக்கு விடப்பட்டது. போட்டால் எழுந்து நில்லுங்கள்.

தணிக்கைச் சான்றிதழ் திரையில் வரும்போது கொட்டாவி விடாமல் படத்தின் நீளத்தைப் பாருங்கள். நிமிடக் கணக்கில் இருக்கும். 160 நிமிடம் என்றால் இடைவேளைக்கு இருபது சேர்த்து மூன்று மணி நேரம். பத்தேகாலுக்குத் தொடங்கினால் முடிய ஒன்றேகால். பஸ்ஸில் திரும்ப வேண்டியவர்கள் இந்தக் கணக்கைப் போடாமல் செகண்ட் ஷோவில் உட்காரக் கூடாது.

படம் மங்கலாக இருந்தாலோ ஒலி வராவிட்டாலோ பின்னாலிருந்து "ஆபரேட்டர்!" என்று குரல் வரும். நீங்களும் சேர்ந்து கத்தலாம், பலன் குறைவு. எழுந்து போய் வாசலில் இருப்பவரிடம் சொன்னால் ஐந்து நிமிடத்தில் சரியாகும். ஆபரேட்டர் பாவம். கார்பன் குச்சியில் ஒளி உண்டாக்கிய காலத்தில் அவர் இரண்டு புரொஜெக்டருக்கு நடுவே நகரவே முடியாது. இரண்டாயிரம் அடி ரீல் இருபத்திரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்குள் அடுத்த இயந்திரத்தில் அடுத்த ரீலை மாட்டி, கண்ணுக்குத் தெரியாமல் மாற்றிவிட வேண்டும். அப்படி மாற்றும்போது பிசகினால் வாங்கிய திட்டுத்தான் இன்னமும் அந்தப் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. இப்போது ரீல் இல்லை. படம் ஹார்டு டிஸ்க்கிலோ சாட்டிலைட் வழியாகவோ சர்வருக்கு வந்துவிடும். அதைத் திறக்கச் சாவி மாதிரி ஒரு கோப்பு தனியாக வர வேண்டும். அந்தச் சாவி அந்த ஒரு இயந்திரத்துக்கும் குறிப்பிட்ட தேதிகளுக்கும் மட்டுமே செல்லும். இப்படி டிஜிட்டலில் படம் அனுப்பும் நிறுவனங்கள் கேட்ட கட்டணத்தைப் பற்றிய தகராறில்தான் 2018 மார்ச் 1 முதல் ஒன்றரை மாதத்துக்கு மேல் புதுத் தமிழ்ப் படமே வெளிவராமல், தியேட்டர்கள் பழைய படங்களையும் பிறமொழிப் படங்களையும் வைத்துக் காலம் தள்ளின.

சாவி வராத ஒரு காலையில் நான் உள்ளே மாட்டிக்கொண்டேன். முதல் நாள், ஒன்பது மணி ஆட்டம், தியேட்டர் நிறைந்துவிட்டது. ஒன்பதரை ஆயிற்று, பத்து ஆயிற்று. நகைக்கடை விளம்பரத்தை ஏழு தடவை பார்த்தோம். எட்டாவது தடவை கூட்டமே அந்த விளம்பரப் பாட்டைச் சேர்ந்து பாட ஆரம்பித்தது. பத்தே காலுக்கு மேல் சாவி வந்தது. பாதியில் எழுந்து போனவர்கள் கவுன்டரில் கேட்டபோது, கிழித்த அரை டிக்கெட்டை வைத்திருந்தவர்களை மட்டும் அடுத்த காட்சிக்கு விட்டார்கள். அதனால் படம் முடியும்வரை அரை டிக்கெட்டைச் சட்டைப்பையில் வைத்திருங்கள். அதில் கடலைத் தோலை மடித்துப் போட்டுவிடாதீர்கள்.

கரண்டு போனால் பதற வேண்டாம். ஒரு நிமிடம் கும்மிருட்டு, ஊளை, விசில், யாரோ ஒருவர் பேய்க் குரல் கொடுப்பார், பிறகு ஜெனரேட்டர் பிடித்துக்கொள்ளும்.

இடைவேளை

அனுபவப்பட்டவர்கள் 'இடைவேளை' என்ற எழுத்து வரும்வரை காத்திருப்பதில்லை. பக்கக் கதவின் திரைச்சீலைக்குப் பின்னால் தட்டோடு ஒரு பையன் வந்து நிற்பது தெரிந்ததும் புரிந்துகொள்வார்கள், இன்னும் மூன்று நிமிடம். கேன்டீன் பையன்களுக்கு அந்த வாரப் படத்தின் வசனமே மனப்பாடம். கழிப்பறைக்குப் போக வேண்டும் என்றால் அந்த மூன்று நிமிடத்துக்குள் போய்விடுங்கள், அல்லது படம் மறுபடி தொடங்கிய பிறகு போங்கள். நடுவில் போனால் இடைவேளை முழுக்க வரிசையிலேயே தீரும்.

வெளிச் சாப்பாட்டை அனுமதிப்பதும் தடுப்பதும் தியேட்டரின் உரிமை என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் நல்ல குடிநீரை இலவசமாகத் தர வேண்டும், கைக்குழந்தைக்கான உணவைத் தடுக்கக் கூடாது என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது. பால் பாட்டிலைப் பிடுங்கி வைக்கப் பார்த்தால் அதைச் சொல்லுங்கள். தண்ணீர்த் தொட்டி பெரும்பாலும் சைக்கிள் ஸ்டாண்டு போகும் வழியில், யாரும் பார்க்காத மூலையில் இருக்கும்.

என்ன வாங்குவது? பாப்கார்னை விடுங்கள், காலையில் பொரித்தது. சமோசா வாங்குங்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் முக்கோணம், உள்ளே வெங்காயம் மட்டும்தான், உருளைக்கிழங்கு கிடையாது. வெளியே கொதிக்கும் எண்ணெய்ச் சட்டி, ஓரத்தில் நியூஸ் பேப்பர் துண்டுகள் அடுக்கி இருக்கும். கேட்கும்போது பழைய தட்டிலிருந்து எடுத்துக் கொடுக்கப் பார்ப்பார்கள். "சட்டியில இருக்கறதே வரட்டும்ணே" என்று நில்லுங்கள். அரை நிமிடத்தில் ஜல்லிக்கரண்டி நிறைய அள்ளி, எண்ணெய் சொட்டச் சொட்டப் பேப்பரில் கொட்டுவார். அந்தப் பேப்பரில் போன மாதத்துச் செய்தி ஒன்று எண்ணெயில் ஊறித் தெளிவாகிக்கொண்டே வரும். அந்தச் சூட்டோடு கடித்தால் நாக்கு வெந்துவிடும், ஆறட்டும் என்றால் மணி அடித்துவிடும். எப்படியும் இருட்டில்தான் தின்பீர்கள். கையைத் துடைக்க ஒரு துணி கொண்டுபோங்கள், முன்சீட்டின் முதுகில் தடவுகிறவர்கள் இருப்பதால்தான் சொல்கிறேன்.

டீ சுமார். கோன் ஐஸ் பிள்ளைகளுக்கு.

வெளியே வருவது

கடைசிச் சண்டை முடிந்து நாயகன் நடக்க ஆரம்பித்ததுமே கதவுகளைத் திறந்துவிடுவார்கள், விளக்கும் வந்துவிடும். எழுந்து ஓடுகிறவர்கள் எல்லாம் வண்டி ஸ்டாண்டுக்கு ஓடுகிறார்கள். நீங்கள் ஓட வேண்டாமென்றால், வரும்போதே ஓர் ஏற்பாடு செய்யுங்கள். வண்டியை உள்ளே தள்ளிக்கொண்டு போகாமல், இருபது நிமிடம் முன்னால் வந்து, வாசல் பார்த்தபடி கடைசி வரிசையில் நிறுத்திக்கொள்ளலாமா என்று ஸ்டாண்டுக்காரரைக் கேளுங்கள். "தம்பி, லேட்டா வரவங்களுக்குத்தான் அங்க" என்று மறுப்பார். "அவசரமாப் போகணும்ணே" என்றால் விடுவார். ஹெல்மெட்டுக்கு அவர் பொறுப்பில்லை என்று போர்டிலேயே எழுதியிருக்கும், உள்ளே எடுத்துப்போய் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். பைக் டோக்கனை மட்டும் தொலைக்காதீர்கள். தொலைத்தால் ஆர்சி புத்தகம், அடையாள அட்டை என்று எதைக் காட்டினாலும் கேட்கமாட்டார். எல்லோரும் வண்டியை எடுத்துக்கொண்டு போன பிறகு, கடைசியாக ஒரே ஒரு வண்டி நிற்கும் பாருங்கள், அதுதான் உங்களுடையது என்று அப்போதுதான் நம்புவார். செகண்ட் ஷோ என்றால் அதற்கு மணி ஒன்றே முக்கால் ஆகும். எதிர் டீக்கடையில் அந்த நேரத்துக்கும் பால் இருக்கும்.